மர்ஃப் பயிற்சியும் நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவாகச் செய்யும் பயிற்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ் பக்கம் சனிக்கிழமை காலைகளில் சேர்ந்து உடற்பயிற்சி செய்யும் ஒரு தமிழ்க் குழுவை நடத்துகிறோம். ஏப்ரல் பிறந்துவிட்டால் ‘மர்ஃப்’ பற்றிய கேள்விகள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிடும். கூடவே, “எங்க அப்பா நினைவா இப்படி ஒண்ணு வைக்கலாமா?” என்று யாராவது தனியாக எழுதிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். முதல் பாதி மர்ஃப் பற்றி. மீதி, நம் சொந்த இழப்புகள் பற்றி.

“மே மாசம் வந்தா ஜிம்ல எல்லாரும் மர்ஃப், மர்ஃப்ங்கறாங்களே, அது என்ன?”

ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 தண்டால், 300 பஸ்கி, மறுபடியும் ஒரு மைல் ஓட்டம். நடுவில் இடைவேளை என்று எதுவும் கிடையாது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முழுமையாகச் செய்கிறவர்கள் எடை வைத்த வெஸ்ட் போட்டுக்கொள்வார்கள்: ஆண்களுக்கு 20 பவுண்டு, பெண்களுக்கு 14. நன்றாகப் பழகியவர்களுக்கு 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். முதல் தடவை செய்பவர்களுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

கிராஸ்ஃபிட் என்ற கடும் உடற்பயிற்சி முறையைப் பின்பற்றும் ஜிம்களில் இதை ‘ஹீரோ’ பயிற்சி என்பார்கள். பணியில் உயிர்விட்ட ராணுவ வீரர்கள், தீயணைப்பு வீரர்கள், காவலர்கள் பெயரில் இப்படிப் பல பயிற்சிகள் உண்டு. 2005 ஜூலையில் ஜெஃப் டெய்லர் என்ற கடற்படை வீரர் நினைவாக ‘ஜேடி’ வந்தது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 18 அன்று மர்ஃப் வந்தது. இன்று அமெரிக்காவில், பணியில் இறந்த ராணுவ வீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டே வாரத்தில் பெரும்பாலான கிராஸ்ஃபிட் ஜிம்களில் இதைச் செய்கிறார்கள்.

“யார் அந்த மர்ஃப்? பேர் மட்டும்தான் தெரியும்.”

லெப்டினென்ட் மைக்கேல் மர்ஃபி. நியூயார்க்கில், லாங் ஐலண்டின் பேச்சோக் என்ற ஊரில் வளர்ந்தவர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தார். சட்டம் படிக்க வாய்ப்பிருந்தும் கடற்படையின் சிறப்புப் படையான சீல் பிரிவில் சேர்ந்தார். 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானின் குனார் மலைப்பகுதியில் அவரும் இன்னும் மூவரும் எதிரிகளிடம் சிக்கிக்கொண்டார்கள். பாறைகளுக்கு நடுவே சிக்னல் கிடைக்கவில்லை. உதவிக்கு அழைப்பதற்காக மறைவைவிட்டு வெட்டவெளிக்கு வந்து நின்று பேசினார், அங்கேயே சுடப்பட்டார். அன்று இறந்தபோது அவருக்கு வயது 29. கூட இருந்த டேனி டீட்ஸ், மேத்யூ ஆக்சல்சன் இருவரும் இறந்தார்கள். மீட்க வந்த ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டதில் 16 பேர் இறந்தார்கள். முன்னே சொன்ன ஜெஃப் டெய்லர் அந்தப் பதினாறில் ஒருவர். நால்வரில் உயிர் பிழைத்தவர் மார்கஸ் லட்ரல் மட்டும்.

2007 அக்டோபரில், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் மர்ஃபியின் பெற்றோரிடம் வழங்கப்பட்டது. எனக்கு அவரைப் பற்றி மனதில் தங்கிய செய்தி வேறு. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் உள்ள ஒரு தீயணைப்பு நிலையத்தின் சின்னத்தைத் தன் சீருடையில் தைத்து வைத்திருந்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவைச் சுமந்துகொண்டு போன ஒருவரின் நினைவைத்தான் நாம் இப்போது சுமக்கிறோம்.

“நம்ம ஊர்ல இறந்தவங்களுக்கு விளக்கேத்திக் கும்பிடுவோம். தண்டால் எடுக்கறதுல என்ன மரியாதை இருக்கு?”

எங்கள் குழுவில் ஒரு மாமா இதை நேருக்கு நேர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தப் பயிற்சியை யாரோ உட்கார்ந்து யோசித்து மர்ஃபிக்குப் படைக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது தானே விரும்பிச் செய்தது இது. ‘பாடி ஆர்மர்’ என்று பெயரும் வைத்திருந்தார். பாட்டி கைப்பக்குவத்தில் வைத்த குழம்பை அவர் நினைவு நாளில் அதே மாதிரி வைக்கிறோமே, அந்த வழியில் வருகிற மரியாதை.

அமெரிக்காவில் இந்த வழக்கம் ஜிம்மோடு நிற்கவில்லை. செப்டம்பர் 11 நினைவாகப் பல ஊர்களில், அன்று இடிந்த இரட்டைக் கோபுரங்களின் 110 மாடிக்குச் சமமான படி ஏறுவார்கள். அன்று இறந்த நியூயார்க் தீயணைப்பு வீரர்கள் 343 பேர். ஏறுகிறவர் ஒவ்வொருவரும் அவர்களில் ஒருவருடைய பெயரும் படமும் உள்ள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுவார். முடிந்ததும் மணியடித்து அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வார். முழு நிகழ்ச்சிக்கும் உயிர் அந்தப் பெயர்தான். அதனால்தான் எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு: கடிகாரத்தை ஓடவிடும் முன் யார் நினைவாகச் செய்கிறோமோ அவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். பேச ஆள் இல்லையென்றால் அன்று அந்தப் பெயரில் பயிற்சி கிடையாது, சாதாரண சனிக்கிழமைப் பயிற்சிதான்.

“அன்னிக்கு ஆபீஸ்ல ‘ஹேப்பி மெமோரியல் டே’ன்னு சொல்லலாமா?”

சொல்லாதீர்கள். அது போரில் இறந்தவர்களுக்கான நாள். மே மாதக் கடைசித் திங்கள்கிழமை வரும். உயிரோடு இருக்கும் முன்னாள் வீரர்களுக்கு நன்றி சொல்லும் நாள் நவம்பர் 11. நீண்ட வார இறுதி என்பதால் தள்ளுபடி விற்பனையும் பார்பெக்யூவும் கலந்துவிட்டன, ஆனால் மகனை இழந்த வீடுகளுக்கு அது துக்க நாள். அன்று பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது நாடு முழுக்க உள்ள வழக்கம். அதில் சேர்ந்துகொண்டால் போதும்.

“எனக்கு ஒரு புல்-அப் கூட வராது. நான் எதுக்கு வரணும்?”

முதல் வருடம் எங்களில் பெரும்பாலானோருக்கு வராது. அதற்குப் பதிலாக ரிங் ரோ செய்யலாம்: தொங்கும் வளையத்தைப் பிடித்து, குதிகாலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து நெஞ்சை வளையம்வரை இழுப்பது. எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறீர்களோ அவ்வளவு சுலபம். தண்டாலை உயரமான பெட்டியிலோ சுவரிலோ கை ஊன்றிச் செய்யலாம். முட்டி வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதே பஸ்கி. ஓட முடியாதவர் நடக்கட்டும்.

எண்ணிக்கையையும் குறைக்கலாம். அரை மர்ஃப் என்றால் 800 மீட்டர், 50, 100, 150, மறுபடி 800 மீட்டர். கால் மர்ஃப் என்றால் 400 மீட்டர், 25, 50, 75, 400 மீட்டர். போன முறை எங்கள் குழுவில் வந்தவர்களில் முழு மர்ஃப் செய்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அதற்காக யாருடைய முகமும் வாடவில்லை. நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாத அளவைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் புதியவர்களுக்குச் சொல்வேன்.

“நூறு புல்-அப்பையும் ஒரே மூச்சில முடிச்சுட்டுத்தான் தண்டாலுக்குப் போகணுமா? பிரிச்சுப் பண்ணினா ஏமாத்து வேலையா?”

இல்லவே இல்லை. 5 புல்-அப், 10 தண்டால், 15 பஸ்கி என்று 20 சுற்றுப் போனால் அதே கணக்கு வந்துவிடும்; பெரும்பாலானோர் செய்வது அப்படித்தான். தண்டால்தான் முதலில் கைவிடும், புல்-அப் என்று பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். அதனால் தண்டாலில் சீக்கிரம் தளர்ந்துவிடுபவர்கள் 5 புல்-அப், 5 தண்டால், 15 பஸ்கி, 5 தண்டால் என்று உடைத்துக்கொள்ளலாம்.

ஜோடியாகச் செய்வதும் உண்டு. இருவரும் சேர்ந்து ஓடிவிட்டு, நடுவில் உள்ளதை மாறி மாறிப் பங்கு போட்டுக்கொள்வது. கணவன் மனைவியாக வருபவர்களுக்கும், அப்பாவும் டீனேஜ் பிள்ளையுமாக வருபவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

“எத்தனை வாரம் முன்னாடி ஆரம்பிக்கணும்?”

வாரம் மூன்று நாள் ஏற்கனவே பயிற்சி செய்பவருக்கு எட்டு வாரம். மேலே சொன்ன 5-10-15 சுற்றை முதல் வாரம் ஐந்து முறை செய்யுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு சுற்றுக் கூட்டி, ஏழாவது வாரத்தில் பதினைந்தில் நிறுத்துங்கள். எட்டாவது வாரம் லேசாக இருக்கட்டும். இதுவரை எதுவுமே செய்யாதவர் ஜனவரியில் ஆரம்பிப்பது நல்லது, அதுவும் நடையில்.

“வெஸ்ட் வாங்கணுமா?”

வேண்டாம். வெஸ்ட் இல்லாமல் முழு மர்ஃபை இரண்டு முறையாவது முடித்த பிறகு யோசிக்கலாம். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, முதலில் சாமான் வாங்கிவிடுவது.

“ரொம்ப ஆபத்துன்னு சொல்றாங்களே, ராப்டோ கீப்டோன்னு என்னமோ வருமாம்?”

வரலாம். தசை தாங்க முடியாத அளவுக்குத் திடீரென்று வேலை கொடுத்தால் தசை இழைகள் சிதைந்து, உள்ளிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதுதான் ராப்டோமயோலைசிஸ். ஒரேயடியாக நிறையப் புல்-அப் செய்வது, அதிலும் மேலே குதித்து மெதுவாக இறங்கும் வகை, புதியவர்களுக்கு இதை வரவழைக்கக்கூடியது. பழைய விளையாட்டு வீரர்கள் கவனமாக இருக்க வேண்டும்: கல்லூரியில் கபடி ஆடிய தெம்பு மனதில் இருக்கும், தசையில் இருக்காது.

அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள், கையை நீட்ட முடியாத அளவுக்கு வீக்கமும் வலியும். சிறுநீர் கோலா நிறத்திலோ கட்டங்காப்பி நிறத்திலோ போவது. இதில் எது தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். போய், என்ன பயிற்சி, எத்தனை முறை செய்தீர்கள் என்று சொல்லுங்கள். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தே தசையைப் பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். வலி வரும் என்று பயந்து முன்னாடியே ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு வராதீர்கள். உடம்பில் நீர் குறையும்போது அதுவும் சிறுநீரகத்துக்குச் சுமை.

வெயில் இன்னொரு எதிரி. 2015-ல் கலிஃபோர்னியாவில் நடந்த கிராஸ்ஃபிட் கேம்ஸ் போட்டியில் மர்ஃப் வைத்தார்கள். அதற்கு முன் இரண்டு முறை உலக சாம்பியனான ஆனி தோரிஸ்டாட்டிர் அந்த வெயிலில் ஹீட் ஸ்ட்ரோக் வந்து போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. டெக்சஸ் மே மாதம் உங்களுக்கே தெரியும். அதனால் காலை ஆறரைக்குத் தொடங்குகிறோம், எட்டரைக்குக் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறோம். முடிக்காதவர்களும் அத்தோடு நிறுத்த வேண்டும்.

“எங்கப்பா 52 வயசுல ஹார்ட் அட்டாக்ல போயிட்டார். அவர் நினைவாத்தான் பண்ணணும்னு ஆசை. பண்ணலாமா?”

பண்ணலாம், ஆனால் முதலில் டாக்டர். தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்னால், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்னால் இதய நோய் வந்திருந்தால், மருத்துவர்கள் அதைக் குடும்ப வரலாறு என்று தனியாகக் குறித்துக்கொள்வார்கள். தெற்காசியர்களான நமக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது, ஒல்லியாக இருப்பவர்களுக்கும் சேர்த்து. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிட்டு, “இப்படி ஒரு மணி நேரக் கடும் பயிற்சி செய்யப் போகிறேன், அப்பாவுக்கு இந்த வயதில் இப்படி ஆனது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேறு பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பலர் அப்பா போய் பத்து வருடம் ஆகியும் ஒருமுறைகூடத் தங்களைப் பரிசோதித்துக்கொள்ளாதவர்கள். பயம்தான் காரணம், எனக்குப் புரிகிறது. அப்பா நினைவாக இந்த வருடம் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். தண்டால் அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம். பயிற்சியின் நடுவில் நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 911-ஐ அழைக்க யாரும் கூச்சப்பட வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் குளுக்கோஸ் மாத்திரையோ ஜூஸோ கையோடு கொண்டு வாருங்கள்.

“அப்பா திதி அன்னிக்கே காலையில வெச்சுக்கலாமா? நான் அன்னிக்கு விரதம்.”

அன்று வேண்டாம். திதி கொடுத்து, இலை போட்டு முடிய மதியம் ஆகிவிடும். அதுவரை தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு, நீரில்லாமல் இதைச் செய்தால் முன்னே சொன்ன ராப்டோவுக்கும் வெயிலுக்கும் நாமே கதவைத் திறந்து வைத்த மாதிரி. திதிக்கு அடுத்து வரும் சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். சடங்கு அதன் நாளில் நடக்கட்டும்.

“எங்க அம்மாவுக்குன்னு தனியா ஒரு பயிற்சி உருவாக்கணும். எங்கேருந்து ஆரம்பிக்கறது?”

அம்மாவிலிருந்து. எல்லோரும் முதலில் எண்ணைத்தான் பிடிக்கிறார்கள்: பிறந்த தேதி, இறந்த தேதி, வயது. எண்கள் பிறகு வரட்டும். அவர் உடம்பால் என்ன செய்தார் என்று யோசியுங்கள். நடந்தாரா, சைக்கிள் மிதித்தாரா, மாவாட்டினாரா, நாற்று நட்டாரா, பேருந்தில் நின்றுகொண்டே வேலைக்குப் போய்வந்தாரா?

எங்கள் குழுவில் ஒருவரின் அம்மா மதுரையில் தெருக்குழாயிலிருந்து இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் தூக்கியவர். கார்ப்பரேஷன் தண்ணீர் விடியற்காலையில் ஒரு மணி நேரம் வரும். அதற்குள் வீட்டுக்கு, மாமியாருக்கு, பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்கு என்று தூக்கி முடித்துவிடுவாராம். அதையே பயிற்சியாக வைத்தோம். ஹார்ட்வேர் கடையில் விற்கும் ஐந்து காலன் பிளாஸ்டிக் வாளிகள், கைக்கு ஒன்று, பாதியளவு தண்ணீர். ஒரு வாளி ஏறக்குறைய 20 பவுண்டு வரும். பார்க்கிங்கைச் சுற்றி 200 மீட்டர் நடை, பிறகு வாளியை வைத்துவிட்டு 40 படி ஏறி இறங்குவது. இப்படி ஐந்து சுற்று. ஒரே ஒரு நிபந்தனை, தண்ணீர் சிந்தக் கூடாது. வேகமாகப் போனால் சிந்தும் என்பதால் எல்லோரும் தானாகவே நிதானமாக நடந்தார்கள். மூன்றாவது சுற்றில் வாளிக் கம்பி விரல் மடிப்பில் பதிந்து சிவந்துவிட்டது. அம்மா துண்டைக் கிழித்துக் கம்பியில் சுற்றி வைத்திருப்பார் என்று அந்த நண்பருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காரிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து வந்து கிழித்து எல்லோருக்கும் கொடுத்தார். அடுத்த வருடத்திலிருந்து துண்டு அந்தப் பயிற்சியின் பகுதியாகிவிட்டது.

எண் வேண்டும் என்றால் சின்ன எண்களாக எடுங்கள். 1952-ல் பிறந்தவருக்கு 19, 52 என்று பிரிக்கலாம். 1,952 பஸ்கி என்று ஆரம்பித்தால் மறுநாள் மருத்துவமனைதான். பெரிய எண் கட்டாயம் வேண்டுமென்றால் குழு முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். வீட்டிலேயே உடம்பு முடியாத ஆள் யாரோ, அவர் அரை மணி நேரத்தில் ஏதாவதொரு வடிவில் முடிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறிவியுங்கள்.

“சித்தி, பெரியப்பா எல்லாம் வயசானவங்க. அவங்களும் கலந்துக்கணும். ஜிம்முக்கு வரமாட்டாங்க.”

நடை வையுங்கள். இதற்கு நல்ல முன்மாதிரி கனடாவில் இருக்கிறது. எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ், 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடக் கிளம்பினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. மறு ஆண்டு ஜூனில் 22 வயதில் இறந்தார். அவர் பெயரில் 1981-லிருந்து நடக்கும் ஓட்டத்தில் போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். யாருக்காக ஓடுகிறோம் என்று எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்வார்கள். டொராண்டோ தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலேயே இதை ஓடி வளர்கிறார்கள். சென்னையிலும் ஐஐடி வளாகத்தில் நடந்திருக்கிறது.

அந்த ஒட்டுத்தாள் வழக்கத்தை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். பெரியவர்கள் ஒரு சுற்று நடந்துவிட்டு நிழலில் உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத கதைகள் அங்கேதான் வெளியே வரும்.

“விசா ஸ்டாம்பிங் பிரச்சினையால அம்மா காரியத்துக்கே போக முடியல. போன்ல பார்த்தேன். நண்பர்கள் இப்பவே ஏதாவது பண்ணலாம்ங்கறாங்க, எனக்கு உடம்பே ஓடல.”

அப்படியானால் இப்போது வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போன வாரங்களில் கடும் பயிற்சி உடம்புக்கு ஆகாது. நண்பர்கள் உங்களோடு மாலையில் அரை மணி நேரம் நடக்கட்டும், பேசினாலும் பேசாவிட்டாலும். இப்படி அம்மாவை இழந்து எங்களோடு நடந்த ஒருவர், மூன்று வாரம் பேச்சே இல்லாமல் நடந்துவிட்டு, நாலாவது வாரம் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதன் பிறகு நிறுத்தவே இல்லை.

பெயர் சொல்லி ஒரு நிகழ்ச்சி வைப்பதை வருஷத் திதியை ஒட்டி யோசிக்கலாம். நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அவர் சம்மதம் இல்லாமல் தேதி குறிக்காதீர்கள். ஊருக்குப் போக முடியாத குற்ற உணர்வில் இருப்பவருக்கு, தானே கேட்காத ஒரு கூட்டம் இன்னொரு பாரமாகிவிடும்.

“நடுவுல அழுகை வந்துட்டா?”

வரும். பெரும்பாலும் இரண்டாவது ஓட்டத்தில் வரும். யாரும் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தவோ கைதட்டவோ வேண்டாம். ஒருவர் கூடவே நடந்தால் போதும். கடிகாரம் அவருக்குப் பொருட்டில்லை.

“தற்கொலையில இழந்தோம். காரணத்தைக் கூட்டத்துல சொல்லணுமா?”

அதை முடிவு செய்ய வேண்டியது குடும்பம்தான். சொல்ல விரும்பாவிட்டால் பெயரும், வாழ்ந்தபோது எப்படி இருந்தார் என்பதும் போதும். நெருங்கிய நண்பரானாலும் குடும்பத்தை முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. சொல்ல விரும்பினால், நடந்த விதத்தை விவரிக்காமல் சொல்லுங்கள்.

வெளிப்படையாகப் பேசத் துணிந்த குடும்பமும் உண்டு. சாட் வில்கின்சன் என்ற கடற்படை சீல் வீரர் 2018 அக்டோபரில் தற்கொலை செய்துகொண்டார். அவர் மனைவி சாரா அதை மறைக்கவில்லை. அகோன்காகுவா மலை ஏறுவதற்காகச் சாட் செய்த பயிற்சியையே அவர் நினைவாக வைத்தார்: முதுகில் 45 பவுண்டுப் பையோடு 20 அங்குலப் பெட்டியில் ஆயிரம் முறை ஏறி இறங்குவது. நவம்பர் 11-ஐ ஒட்டிப் பலர் செய்கிறார்கள், எடை இல்லாமலும் செய்கிறார்கள். இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு வருகிறவர்களில் யாராவது அதே இருட்டில் இருக்கக்கூடும். அதனால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள். அமெரிக்காவில் எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

“ஆப்கானிஸ்தான் போர்ல எனக்கு உடன்பாடே இல்ல. நான் ஏன் அந்த ராணுவ வீரர் பேர்ல பண்ணணும்?”

பண்ண வேண்டியதில்லை. போரை ஏற்காமலே, தன் ஆட்களைக் காப்பாற்ற வெட்டவெளியில் வந்து நின்ற ஒருவரை மதிக்க முடியும் என்பது என் எண்ணம். உங்களுக்கு அது ஒட்டவில்லை என்றால் அதுவும் சரி. மர்ஃபியைப் பற்றிப் பேசும்போது நாங்கள் முகமது குலாப் என்ற பெயரையும் சொல்வோம். காயத்தோடு தப்பிய லட்ரலை, தலிபான் மிரட்டலுக்கு நடுவே, தன் ஊரில் அடைக்கலம் கொடுத்துக் காத்தவர் அந்த ஆப்கானியர். அவர் இல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது.

ஈழத்து நண்பர்களுக்கு இது இன்னும் கடினம். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள்; கஞ்சி கொடுத்து அழுத கையோடு, அடுத்த வாரமே இன்னொரு நாட்டு ராணுவச் சீருடைக்காரர் பெயரில் ஓடு என்று யாரிடமும் சொல்ல முடியாது. வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெயரை ஒட்டுத்தாளில் எழுதிக்கொண்டு வரலாம். வராதவர்களிடம் காரணம் கேட்பதில்லை.

“பணம் திரட்டலாமா?”

திரட்டலாம், நோக்கம் தெளிவாக இருந்தால். 1988-ல் புரூஸ் கிளிலாண்ட் என்பவர், ரத்தப் புற்றுநோய் வந்த தன் மகளுக்காக 38 பேரைச் சேர்த்து நியூயார்க் மாரத்தானில் ஓடவைத்து, மூன்று லட்சத்து இருபதாயிரம் டாலருக்கு மேல் திரட்டினார். ரத்தப் புற்றுநோய்க்காக ஓடி நிதி திரட்டும் ‘டீம் இன் டிரெய்னிங்’ அப்படித் தொடங்கியதுதான். மர்ஃபி பெயரிலும் அவர் குடும்பத்தோடு சேர்ந்த கல்வி உதவி அறக்கட்டளை இருக்கிறது.

நம் அளவில் ஒரு வழிதான் சிக்கல் இல்லாதது. பதிவு பெற்ற அறக்கட்டளையின் பக்கத்துக்கு நேரடியாகப் பணம் போகட்டும். தனியாள் கணக்கில் வாங்கி, ஊரில் பள்ளிக்கு அனுப்புகிறேன் என்று ஆரம்பித்தால் வரிக் கணக்கிலும் நட்பிலும் சங்கடம் வரும். பதிவு பெற்றதாக இருந்தால் பல அலுவலகங்கள் நீங்கள் கொடுத்த அளவுக்குத் தாங்களும் கொடுக்கும்.

“போட்டோ போட்டு டி-சர்ட் அடிக்கலாமா?”

குடும்பத்தைக் கேட்டுவிட்டு. மாலை போட்ட படத்தை வியர்வைத் துணியில் பார்க்கப் பல அம்மாக்களுக்குப் பிடிக்காது. பெயரும் வருடமும் போட்டால் பெரும்பாலும் யாருக்கும் மறுப்பு இருக்காது.

“வருஷா வருஷம் பண்ணிக்கிட்டே இருக்கணுமா? நிறுத்தினா தப்பா?”

தப்பில்லை. மூன்றாவது வருடத்தில் ஒரு குடும்பம், “இனி வீட்டோடு வைத்துக்கொள்கிறோம்” என்றது, நிறுத்திவிட்டோம். இன்னொரு குடும்பத்தில் அம்மா தொடரச் சொன்னார், பிள்ளைக்கு முடியவில்லை. அங்கே குழுவில் ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார், பிள்ளை வந்து வெறுமனே நிற்பார். ஒவ்வொரு வருடமும் இரண்டு மாதம் முன்பே குடும்பத்திடம் கேட்டுவிடுவது நல்லது. மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

“அன்னிக்கு ஊர்ல இருக்க மாட்டேன். தனியாப் பண்ணினா கணக்குல வருமா?”

வரும். அரை அளவு செய்யுங்கள், வெயில் ஏறும் முன் முடியுங்கள், எங்கே ஓடுகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். யார் நினைவாகச் செய்தீர்கள் என்று குழுவில் இரண்டு வரி எழுதினால் அடுத்த சனிக்கிழமை அதையும் படித்துவிடுவோம்.